அம்மா என்று கும்பிட்டு அனுப்பிவிடுவது

அன்புள்ள அக்கா,

எங்கள் கல்லூரியில் மார்ச் 8 விழாவில் ‘தாய்மையே அமைதி’ என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். போர் நடந்த நாடுகளில் வன்முறைக்கு எதிராகப் பெண்கள் நடத்திய போராட்டங்களைத் தேடிப் படித்தேன். லைபீரியப் பெண்கள், அர்ஜென்டினா அன்னையர், மணிப்பூர்த் தாய்மார் என்று படிக்கப் படிக்க அழுதுவிட்டேன். பிள்ளை பெற்றவளுக்குத்தான் உயிரின் அருமை தெரியும் என்று தோன்றியது. பெண்கள் கையில் ஆட்சி இருந்தால் உலகில் போரே இருக்காது அல்லவா? ஐ.நா.வின் 1325ஆம் தீர்மானத்தால் உண்மையில் பயன் உண்டா? எந்தச் சம்பவத்தில் தொடங்கி எதில் முடித்தால் பேச்சு நன்றாக இருக்கும் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

மணிப்பூரில் பதினாறு ஆண்டு உண்ணாவிரதம் இருந்த இரோம் ஷர்மிளாவைப் பற்றிச் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் மார்ச் மாதத்தில் மேடைப் பேச்சுக்குக் குறிப்பு கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

படித்து அழுதேன் என்கிறீர்கள். நல்லது. இதையெல்லாம் படித்து அழாதவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரி ஒன்று எழுதினீர்களே, பிள்ளை பெற்றவளுக்குத்தான் உயிரின் அருமை தெரியும் என்று, அதற்குத்தான் இந்தப் பதில்.

மற்ற கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பெண்கள் ஆண்டால் போர் இருக்காதா? மார்கரெட் தாட்சர் 1982இல் ஃபாக்லாந்துக்குக் கப்பற்படை அனுப்பினார். சமாதானம் என்று சொல்லி 1994இல் வென்ற சந்திரிகா குமாரதுங்க அடுத்த ஆண்டே போரைத் தொடர்ந்தார். ஒரு கல்லூரி ஆசிரியை இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? விடுங்கள். 1325 பற்றி: 2000 அக்டோபர் 31 அன்று பாதுகாப்பு அவை நிறைவேற்றியது. அமைதிப் பேச்சிலும் முடிவெடுக்கும் இடத்திலும் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. 1992 முதல் 2019 வரை நடந்த பெரிய அமைதிப் பேச்சுகளில் பேசியவர்களில் பெண்கள் 13 சதவீதம், கையெழுத்திட்டவர்களில் 6 சதவீதம் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பே கணக்குச் சொல்கிறது. கதவைத் தட்டும்போது கையில் காட்ட ஒரு தாள் இருக்கிறது. அந்த அளவுக்குப் பயன் உண்டு.

இனி தாய்மைக்கு வருவோம்.

அர்ஜென்டினாவில் 1977 ஏப்ரல் 30 அன்று மாயோ சதுக்கத்தில் கூடிய பதினான்கு பெண்கள் ஏன் ‘அன்னையர்’ என்று வந்தார்கள்? ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அது பிடித்துப் போன அவர்களுடைய பிள்ளைகள் காணாமல் போயிருந்தார்கள். சங்கமாகக் கூடினாலும் பிடித்துப் போவார்கள், கட்சியாகக் கூடினாலும் பிடித்துப் போவார்கள். பிள்ளையைத் தேடி வந்த தாயின் மேல் கை வைக்கக் கொஞ்சமாவது கூசுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். அது அரசியல் கணக்கு. கூட்டமாக நிற்கக் கூடாது, நடங்கள் என்று போலீஸ் விரட்டியபோது சதுக்கத்தின் நடுவே இருந்த தூணைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். போலீஸின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே அதைப் போராட்டமாக்கினார்கள். இவர்களைத் திரட்டிய அசுசேனா வில்லாஃப்ளோரை அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று கடத்திப் போனார்கள். காணாமல் போனவர்களின் பெயர்களை இந்தத் தாய்மார் நாளிதழில் விளம்பரமாக வெளியிட்ட நாள் அது. அவருடைய எலும்புகள் அடையாளம் காணப்பட்டது 2005இல். தாய் என்ற கேடயம் அவருக்கு எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

ஆயுதம் ஏந்தியவனிடமிருந்து தப்பிக்க அவர்கள் கையில் எடுத்த கேடயம் அது. அதை அவர்களுடைய இயல்பு என்று நாம் எழுதிவைக்கிறோம். இதனால் யாருக்கு லாபம் என்று யோசித்தீர்களா? அழுகிறவளுக்குக் கைக்குட்டை கொடுத்தால் போதும், நாற்காலி கொடுக்க வேண்டாம்.

இலங்கையின் தெற்கைப் பாருங்கள். ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது காணாமல் ஆக்கப்பட்ட சிங்கள இளைஞர்களின் தாய்மார் 1990 ஜூலையில் மாத்தறையில் அன்னையர் முன்னணியைத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அதைப் பின்னாலிருந்து ஒருங்கிணைத்தவர்கள் அன்று எதிர்க்கட்சியாக இருந்த சுதந்திரக் கட்சியின் இரண்டு எம்.பி.க்கள், மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்சவும். மேடையில் தாய்மார் அழுதார்கள், அரசியல்வாதிகள் பேசினார்கள். அழ மட்டும் அழைக்கப்பட்ட அந்தப் பெண்கள் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து, பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களைச் சபித்தார்கள். அது அவர்களே கண்ட வழி. 1994இல் கட்சி ஆட்சிக்கு வந்தது, முன்னணி மங்கிப்போனது. காணாமல் போன சிங்களப் பிள்ளைகளின் விவரங்களோடு ஜெனீவாவுக்குப் புறப்பட்ட அதே ராஜபக்சதான், 2009இல் போர் முடிந்தபோது எங்கள் பிள்ளை எங்கே என்று தமிழ்த் தாய்மார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத ஜனாதிபதி. தாயின் கண்ணீரைக் கொண்டு ஆட்சியையே பிடிக்கலாம், ஆர். அந்தத் தாய்க்கு அதனால் எதுவும் கிடைக்க வேண்டும் என்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் நான் கீழே உட்கார்ந்திருந்தேன். இலங்கையின் வடக்கிலிருந்து ஒரு பெண்மணியை அழைத்திருந்தார்கள். போரின் கடைசி நாட்களில் ராணுவத்திடம் தன் கையாலேயே ஒப்படைத்த மகனைத் தேடிக்கொண்டிருப்பவர். ‘இந்த வீரத்தாயின் கண்ணீர்க் கதையைக் கேளுங்கள்’ என்று அறிமுகம் செய்தார்கள். அவர் அழவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து கோப்பை எடுத்தார். ஆட்கொணர்வு மனு போட்ட தேதி, எந்த விசாரணைக் குழுவின் முன்னால் எப்போது சாட்சி சொன்னார், அவர்கள் எதை எழுதிக்கொள்ளவில்லை, பிள்ளைகளை ஏற்றிய பேருந்தின் பக்கத்தில் எந்தப் படைப்பிரிவு நின்றது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்புறம், இழப்பீடு தந்து மரணச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்லும் திட்டத்தை ஏன் ஏற்க முடியாது என்று விளக்க ஆரம்பித்தார். அந்த நேரத்தில் அமைப்பாளர் ஒருவர் மேடைக்குப் போய்த் துண்டுச்சீட்டு நீட்டினார். மகனைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்று எழுதியிருந்ததாம். அவர் அதைப் படித்து, கோப்புக்குள் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஐந்து நிமிடத்தில் மைக்கை வாங்கிக்கொண்டு பொன்னாடை போர்த்திவிட்டார்கள். அந்தப் பொன்னாடையை நினைத்தால் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கிறது. சட்டம் தெரிந்த, சாட்சியம் தெரிந்த, அரசின் ஒவ்வொரு நழுவலையும் தேதியோடு நினைவில் வைத்திருந்த ஒரு அரசியல் மனுஷி அங்கே பேசிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு வேண்டியது ஒரு அம்மா.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 முதல் தெருவோரம் உட்கார்ந்த பெண்களும் அப்படிப்பட்டவர்கள்தான். காணாமல் போனோர் அலுவலகத்தை அரசு அமைத்தபோது அது எங்களுக்கு வேண்டாம், சர்வதேச விசாரணை வேண்டும் என்று மறுத்தார்கள். அந்த முடிவு சரியா தவறா என்று நீங்கள் வாதாடலாம். வாதாடுங்கள்! வாதாடினால் அவர்களைச் சமமாக மதிக்கிறீர்கள் என்று அர்த்தம். அழுதுவிட்டுப் போவதைவிட அது மேல்.

மணிப்பூரைப் படித்தேன் என்கிறீர்கள். எதைப் படித்தீர்கள்? 2004 ஜூலை 15 அன்று காங்லா கோட்டை வாசலில் பன்னிரண்டு பெண்கள் ஆடை களைந்து நின்றதைப் படித்திருப்பீர்கள். மனோரமா என்ற பெண்ணை, அந்தக் கோட்டையில் முகாமிட்டிருந்த அசாம் ரைஃபிள்ஸ் துணை ராணுவப் படை பிடித்துச் சென்று, மறுநாள் உடல் கிடைத்ததற்கு எதிரான போராட்டம். ஆவேசத்தில் ஓடிவந்து செய்த காரியம் என்றுதான் நம் பத்திரிகைகள் எழுதின. கூடிப் பேசி முடிவெடுத்து, பதாகையில் என்ன எழுதுவது என்று யோசித்துச் செய்தது அது. சிறைக்கும் போனார்கள். அதே ஆண்டு நவம்பரில் அசாம் ரைஃபிள்ஸ் காங்லாவைக் காலி செய்தது.

ஆனால் இதே மணிப்பூரில், மெய்தெய், குகி இனங்களுக்கு இடையே கலவரம் நடந்த 2023 ஜூனில், இதாம் கிராமத்தில், பெண்கள் முன்னால் நின்ற பெருங்கூட்டம் சூழ்ந்துகொண்டதால், பிடித்துவைத்த ஆயுதக்குழு ஆட்கள் 12 பேரை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது என்று ராணுவம் அறிவித்தது. மெய்தெய் தாய், குகி தாய் என்று தாய்மையே இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றதைப் பார்த்தோம். என் பிள்ளைக்காக என்று கிளம்புகிறவள் அடுத்தவள் பிள்ளைக்கு எதிராகவும் நிற்க முடியும். எதிர்த்தரப்புத் தாயோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்று ஒரு பெண் முடிவெடுக்கிறாளே, அந்த முடிவில்தான் அமைதி இருக்கிறது. பிரசவத்தில் அது வருவதில்லை.

ஷர்மிளாவுக்கு வருகிறேன். 2000 நவம்பரில் மாலோமில் பேருந்துக்குக் காத்திருந்த பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு உண்ணாவிரதம் தொடங்கியபோது அவருக்கு 28 வயது. கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. உங்கள் தலைப்பில் அவருக்கு இடம் எங்கே? படையினருக்குச் சுடவும் கைது செய்யவும் தனி அதிகாரம் தரும் ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கு என்ற ஒரே கோரிக்கையோடு, மூக்கில் குழாயோடு, ஏறக்குறைய பதினாறு ஆண்டு பெரும்பாலும் காவலிலேயே இருந்தார். நாம் இரும்புப் பெண் என்றோம். 2016 ஆகஸ்ட் 9 அன்று, போதும், இனி தேர்தலில் நின்று போராடுகிறேன், காதலிப்பவரை மணந்துகொள்கிறேன் என்றார். அன்று இரவு தங்க அவருக்கு இம்பாலில் இடம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனார். அடுத்த ஆண்டு தௌபால் தொகுதியில் அவருக்கு விழுந்த வாக்கு 90. கொடைக்கானலுக்கு வந்து பதிவுத் திருமணத்துக்கு விண்ணப்பித்தால், இவர் இங்கே இருந்தால் அமைதி கெடும் என்று ஆட்சேபம் தெரிவித்தார்கள். அமைதிக்காகப் பதினாறு ஆண்டு பட்டினி கிடந்தவரைப் பற்றி, நம் தமிழ்நாட்டில்! 2019இல் அவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அதற்குள் நாம் அவரை மறந்திருந்தோம். சாமியாகப் படுத்துக் கிடந்தவரைக் கும்பிட்டோம். எழுந்து வந்து வாக்குக் கேட்ட மனுஷி நமக்கு வேண்டாதவர் ஆகிவிட்டார். இதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சோமாலியாவைப் படித்தீர்களா? 2000இல் ஜிபூட்டியின் அர்த்தா நகரில் அமைதிப் பேச்சு. குலவாரியாக இடம் கொடுத்தார்கள். நான்கு பெரிய குலங்கள், சிறுபான்மையோர் சேர்ந்த ஐந்தாவது அணி. பிறந்த குலம் ஒன்று, வாழ்க்கைப்பட்ட குலம் வேறு என்று இருக்கும் பெண்களை எந்தக் குலமும் தன் பிரதிநிதியாக அனுப்பாது. சரி, அப்படியானால் நாங்கள் ஆறாவது குலம் என்று அறிவித்தார்கள், ஆஷா ஹாஜி எல்மியும் அவரோடு இருந்தவர்களும். 245 பேர் கொண்ட இடைக்கால நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு 25 இடம் கிடைத்தது. இதைப் படித்து யாரும் அழப்போவதில்லை. அதனால்தான் நம் மேடைகளில் இது வருவதில்லை.

வட அயர்லாந்தில் 1996இல் கத்தோலிக்கரான மோனிகா மெக்வில்லியம்ஸும் புராட்டஸ்டண்டான பேர்ல் சேகரும் வேறு சில பெண்களும் சில வாரங்களில் ஒரு கட்சியையே கட்டினார்கள். கிடைத்தது ஒரு சதவீத வாக்கு. தேர்தல் விதிப்படி அமைதிப் பேச்சு மேசையில் உட்கார அது போதுமானதாக இருந்தது. அவர்கள் எழுந்து பேசினால் ஆண் உறுப்பினர்கள் மாடு கத்துவதுபோல் கத்தினார்கள். 1998 ஏப்ரல் 10 அமைதி ஒப்பந்தத்தில் பாதிக்கப்பட்டோருக்கான பகுதியும், இரு மதப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் கல்வியும் இடம்பெற்றதில் இவர்கள் பங்கு பெரிது.

லைபீரியாவைத்தான் நீங்கள் முதலில் சொல்லியிருந்தீர்கள். 2003இல் லேமா போவீயும் தோழிகளும் கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்களைச் சேர்த்து, வெள்ளை உடையோடு தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தை மைதானத்தில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்ததை எல்லாரும் சொல்வார்கள். கணவர்களைப் படுக்கையில் ஒதுக்கிவைத்ததையும் சொல்வார்கள். அதனால் பெரிய பலன் இல்லை, பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், அவ்வளவுதான் என்று போவீயே எழுதியிருக்கிறார். அந்த மைதானத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தது அதிபர் சார்லஸ் டெய்லரின் வண்டி தினமும் அந்த வழியாகப் போகும் என்பதால். கானாவில் பேச்சு இழுத்தடித்தபோது மண்டபத்தின் வாசலில் உட்கார்ந்து யாரையும் வெளியே விடாமல் மறித்தார்கள். ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் கதைகள் அங்கே முடிந்துவிடும். அவர்கள் முடிக்கவில்லை. ஆயுதம் ஒப்படைக்கும் இடத்தில் குழப்பம் வந்தபோது போராளிகளோடு பேசினார்கள். 2005 தேர்தலுக்குச் சந்தை சந்தையாகப் போய்ப் பெண்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு பெண் கடையை விட்டு வர முடியாது என்றால் அவள் பதிவு செய்துவிட்டு வரும்வரை இன்னொருத்தி கடையைப் பார்த்துக்கொண்டாள். ஆப்பிரிக்காவில் தேர்தலில் வென்ற முதல் பெண் அதிபர் அந்தத் தேர்தலில்தான் வந்தார்.

எதில் தொடங்கி எதில் முடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். மன்ரோவியா சந்தையில் தொடங்கி அர்த்தாவில் முடியுங்கள், அல்லது உங்கள் விருப்பம். தலைப்பை மட்டும் இன்றே மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால், மேடையில் ஏறியதும் இந்தத் தலைப்பை நான் ஏற்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். இருபது நிமிடத்தில் பன்னிரண்டை ஷர்மிளாவின் அந்த 90 வாக்குகளுக்குக் கொடுங்கள். உங்கள் மாணவிகளில் யாராவது, நான் பிள்ளை பெற்றுக்கொள்ளப் போவதில்லை, எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால் நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்குக் கட்டாயம் பதில் போடுவேன்.

அன்புடன்,
அக்கா