தெருவிளக்கு வகுப்பு

அன்புள்ள ஐயா,

என் தங்கை பி.எட். முடித்தவள். அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் எங்கள் ஊருக்கு வந்ததிலிருந்து தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறாள். மாதம் ஆயிரம் ரூபாய். "பி.எட். படிச்சது இதுக்குத்தானா?" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்கிறார்கள். எனக்கும் அரசாங்கம் சல்லிசாக வேலை வாங்குவதாகவே படுகிறது. அவளோ, சம்பளம் நின்றாலும் விடமாட்டேன் என்கிறாள். இதில் செய்பவருக்கு உண்மையில் என்னதான் கிடைக்கிறது?

எஸ்., திண்டிவனம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம். ஆசிரியர் பணியிடத்தைக் காலியாகப் போட்டுவிட்டு அந்த வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்டினால், அதற்குச் சேவை என்று பெயர் வைக்கக்கூடாது. ஆனால் 2021 அக்டோபரில் இந்தத் திட்டம் வந்தது, கொரோனாவால் பள்ளிகள் ஒன்றரை வருடம் மூடிக்கிடந்து, பிள்ளைகள் எழுத்துக்கூட்டவே மறந்திருந்த நேரத்தில். சாயங்காலம், வீட்டுப் பக்கத்திலேயே, ஒன்றரை மணி நேரம். அதற்கு அடுத்த வீட்டு அக்காதான் சரி.

மற்ற பாதிக்கு என் கதையைத்தான் சொல்லவேண்டும்.

1991. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், படிக்காத பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்க வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். நான் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் தண்டச்சோறு. கலைக்குழு நாடகம் பார்த்த சூட்டில் பெயர் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒதுக்கியது எங்கள் ஊர்க் காலனி. இருபத்திரண்டு வருடம் அதே ஊரில் வளர்ந்தவன், அன்றுவரை அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. முதல் நாள் ஒரு அக்கா சொம்பில் தண்ணீர் நீட்டினார். என் கை ஒரு நொடி தயங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

குவாரியில் கல் உடைத்துவிட்டு வந்து, உலை வைத்து இறக்கி, எட்டரைக்கு மேல்தான் வகுப்புக்கு வருவார்கள். தெருவிளக்குதான் வகுப்பறை, கரண்ட் போனால் அரிக்கேன். அந்த அக்காவுக்கு 'அ'வும் 'ஆ'வும் பெரிய விஷயமாகப் படவில்லை. மேஸ்திரி நோட்டில் தன் பெயருக்கு நேரே எத்தனை லோடு எழுதியிருக்கிறது என்று தெரியவேண்டும், அவ்வளவுதான். சரி என்று புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு வாரம் எண்களை மட்டும் நடத்தினேன். அடுத்த சனிக்கிழமை கூலி வாங்கும்போது இரண்டு லோடு குறைவதை அவரே விரல் வைத்துக் காட்டியிருக்கிறார். மேஸ்திரி அவரை விட்டுவிட்டு என்னைத் தேடிவந்து திட்டினார். அதுவரை வீட்டில்கூட எதிர்த்துப் பேசாத நான் அன்று பதில் பேசினேன். குரல் நடுங்கியது, ஆனாலும் பேசினேன்.

அப்புறம் சைக்கிள். அந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் அப்போது சைக்கிள் கற்றார்கள். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது அறிவொளித் தொண்டர்களான எங்கள் வேலை. சில நாட்கள் வகுப்பை விட ஓட்டம்தான் அதிகம்.

எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். தொடர்ந்து வாசிக்க எதுவும் கிடைக்காமல், இரண்டு மூன்று வருடத்தில் எழுத்தை மறந்தவர்கள் என் வகுப்பிலேயே உண்டு. சைக்கிளை யாரும் மறக்கவில்லை. என்னோடு தொண்டராக இருந்த ஒரு பெண், வீட்டு வாசலைத் தாண்டவே பயந்தவர், 1996 உள்ளாட்சித் தேர்தலில் வார்டுக்கு நின்றார். தோற்றுப்போனார். ஆனாலும் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார் இல்லையா?

எனக்கு அன்று சல்லிக்காசு கிடைக்கவில்லை. அந்தக் காலனிக்குள் போகாமலே என் ஆயுசு கழிந்திருக்கும். இதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கையின் ஆயிரம் ரூபாயைக் கூட்டித்தரச் சொல்லிக் கேளுங்கள், அதில் தப்பே இல்லை. கூடவே, ஒருநாள் சாயங்காலம் அந்த வகுப்பின் ஓரமாகப் போய் உட்காருங்கள். வாசிக்கவே திணறிய பிள்ளை எது, இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தங்கையிடம் கேட்டுப்பாருங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.