தலையில் அடி: எப்போது மறுபடி களத்தில் இறங்கலாம்?

என் மகனுக்கு 15 வயது, ஃபுட்பால் கோல்கீப்பர். ஞாயிற்றுக்கிழமை மேட்சில் எதிர் டீம் பையனின் முட்டி நெற்றிப்பொட்டில் இடித்துவிட்டது. மயக்கம் போடவில்லை, "பொறி கலங்கிடுச்சும்மா" என்றான். இரண்டு முறை வாந்தி எடுத்ததால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். சி.டி. ஸ்கேன் நார்மல். பத்து நாளில் டோர்னமென்ட். அனுப்பலாமா?
– வாசகி, வியாசர்பாடி

இந்த டோர்னமென்ட்டை விட்டுவிடுங்கள். மண்டை ஓட்டில் விரிசல் இருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிகிறதா என்பதைத்தான் சி.டி. காட்டும். இரண்டு முறை வாந்தி எடுத்த பையனுக்கு அதை எடுத்தது சரியே. ஆனால் கன்கஷன், அதாவது அடியில் மூளை அதிர்ந்துபோவது, வேறு விஷயம். மண்டைக்குள் மூளை குலுங்கித் திருகும்போது செல்களுக்குள்ளும் வெளியிலும் இருக்கும் உப்புகளின் சமநிலை குலைகிறது. அதைச் சீராக்க மூளைக்குக் கூடுதல் சக்தி வேண்டும். அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறைகிறது. இது எதுவும் ஸ்கேனில் தெரியாது. மயக்கம் வராததை வைத்தும் நிம்மதி அடைய வேண்டாம். கன்கஷன் ஆனவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட நினைவு தப்புவதில்லை.

முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டில் இருக்கட்டும். மொபைலையும் டி.வி.யையும் குறையுங்கள். அதற்காக இருட்டு அறையில் வாரக்கணக்கில் படுக்கப் போடுவது பழைய வைத்தியம்; அது குணமாவதைத் தள்ளித்தான் போடும். வீட்டுக்குள் நடக்கலாம், கடைக்குப் போய் வரலாம். பிறகு பள்ளிக்கு அரை நாள் அனுப்பிப் பாருங்கள். தலைவலி ஏறினால் வீட்டுக்கு வரட்டும், சில நாள் டெஸ்ட் எழுதுவதிலிருந்து விலக்குக் கேளுங்கள். முழு நாள் வகுப்பில் உட்கார முடியாத பையன் முழு மேட்ச் ஆடக் கூடாது.

விளையாட்டுக்குத் திரும்புவது ஆறு படி. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம். முதல் படி, மேலே சொன்ன அன்றாட நடமாட்டம். இரண்டாவதில் வேக நடை, நின்ற இடத்து சைக்கிள். 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடித்துடிப்பு. உங்கள் மகனுக்கு 205. முதலில் அதில் 55 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 113 வரை. தாங்கினால் 70 சதவீதம், சுமார் 143 வரை. மூன்றாவது, தனியாக ஓட்டம், பந்தைக் காலால் தட்டுவது. டைவ் கிடையாது, ஹெடிங் கிடையாது. இந்த மூன்று படிகளில் தலைவலி லேசாக எட்டிப் பார்த்தால் பயமில்லை. பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். முன்பு இருந்ததைவிட இரண்டுக்கு மேல் ஏறினாலோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ அன்றைக்கு நிறுத்தி மறுநாள் பாருங்கள்.

நான்காவது படிக்கு முன் எந்த அறிகுறியும் மிச்சம் இருக்கக் கூடாது, டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லவும் வேண்டும். அதன் பிறகே டீமுடன் மோதல் இல்லாத பயிற்சி, அடுத்து முழுப் பயிற்சி, கடைசியில் மேட்ச். இங்கே அறிகுறி திரும்பினால் மூன்றாவது படிக்கு இறங்க வேண்டும். பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தேறுவார்கள். பிள்ளைகளுக்கு நான்கு வாரம் வரை பிடிக்கும். பிரிட்டனில் தொழில்முறை அல்லாத ஆட்டக்காரர்களுக்கு 2023-இல் வந்த வழிகாட்டுதல், 21 நாளுக்கு முன் போட்டியே கூடாது என்கிறது. வியாசர்பாடி மைதானத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். குணமாகாத மூளையில் இரண்டாவது அடி விழுந்து திடீரென வீங்கினால் உயிர் போகும். அபூர்வம்தான், ஆனால் நடப்பது பெரும்பாலும் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு.

தலையில் அடிபட்டவரைத் தூங்க விடக் கூடாதா? வலி மாத்திரை தரலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவர் தூங்கலாம். மணிக்கொரு தரம் எழுப்ப வேண்டியதில்லை. முதல் இரவு யாராவது உடன் இருந்தால் போதும். வலிக்கு பாராசிட்டமால் மட்டும். முதல் இரண்டு நாள் ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம்; உள்ளே கசிவு இருந்தால் அதிகமாகும். தூக்க மாத்திரையும் மதுவும் கூடவே கூடாது.

நெற்றிப்பொட்டு எலும்பு மெல்லியது, அதன் உட்புறம் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அது கிழிந்தால் ஆள் எழுந்து நன்றாகப் பேசுவார், சில மணி நேரத்தில் சரிவார். தலைவலி ஏறிக்கொண்டே போனால், வாந்தி தொடர்ந்தால், பேச்சு குழறினால், கை கால் மரத்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் எழவில்லை என்றால் உடனே 108. சி.டி.யும் நியூரோசர்ஜரியும் உள்ள மருத்துவமனைக்கே போங்கள். தையல் மட்டும் போடும் தெருமுனை கிளினிக்கில் நேரத்தை விடாதீர்கள்.

பாக்சிங் பயிற்சி தருகிறேன். ஹெட்கார்டு போட்டும் பையன்கள் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) ஆடிப் போகிறார்கள். ரிங் பக்கத்திலேயே கண்டுபிடிக்க என்ன வழி?
– பயிற்சியாளர், காசிமேடு

மாஸ்டர், ஹெட்கார்டு புருவம் கிழிவதைக் குறைக்கும். தாடையில் பக்கவாட்டில் விழும் குத்து (ஹூக்) தலையைத் திருகுவதை அது தடுக்காது. ஆண்கள் உயர்நிலைப் போட்டிகளில் 2013-இல் அதை எடுத்துவிட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமலே ஆடினார்கள்.

விழுந்தவர் முகத்தில் சோடா அடித்துத் தூக்கி நிறுத்தும் பழக்கத்தை முதலில் ஒழியுங்கள். மயங்கியவருக்குக் கழுத்தும் அடிபட்டிருக்கும் என்றே எண்ணி, தலையை இரு கையாலும் அசையாமல் பிடியுங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவி திணிக்க வேண்டாம், வாயில் எதுவும் வைக்கவும் வேண்டாம்.

நினைவோடு இருந்தால் கேளுங்கள்: எந்த இடம், எத்தனையாவது ரவுண்டு, கடைசியாக யாரோடு ஸ்பாரிங்? பிறகு 4-9-3 என்று சொல்லி, கடைசியிலிருந்து 3-9-4 என்று பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்தடுத்து நான்கு, ஐந்து எண்கள் என்று வரிசையை நீளமாக்கிக்கொண்டே போங்கள். டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லட்டும். தரையில் மூன்று மீட்டர் கோடு போட்டு, குதிகாலோடு விரல் ஒட்டி நடக்க வையுங்கள். ஒன்றில் தடுமாறினாலும் அன்றைக்கு க்ளவுஸைக் கழற்ற வேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் தேறினாலும் சந்தேகம் இருந்தால் வெளியேதான். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் ஆர்ச்சர் வீசிய பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. பரிசோதனையில் தேறி அன்றே மறுபடி பேட் செய்தார். மறுநாள் காலை அறிகுறிகள் தெரிய, அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் கன்கஷன் மாற்று ஆட்டக்காரர் அவர்தான். டாக்டர் பட்டாளம் கூடவே இருக்கும் இடத்திலேயே இப்படி. தலையடியில் நாக்-அவுட் ஆனவருக்குக் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங்கும் வேண்டாம். எடை குறைக்கத் தண்ணீரை நிறுத்தியவருக்கும் தலைவலி, கிறுகிறுப்பு வரும். அதுதான் காரணம் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள்.

கபடியில் டேஷ் அடிக்கும்போது தலை மோதி மூன்று வாரம். முதல் நாள் ஸ்கேன் நார்மல். இன்னும் தலை சுற்றுகிறது.
– 26 வயது வாசகர், திருவொற்றியூர்

எப்போது சுற்றுகிறது என்று கவனியுங்கள். படுக்கையில் புரளும்போது சில நொடி அறையே சுழன்று நிற்கிறது என்றால், உள்காதில் உள்ள நுண்துகள்கள் இடம் மாறியிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பியே அதைச் சரிசெய்வார். பெரும்பாலும் ஓரிரு தடவையில் நிற்கும். கழுத்தைத் திருப்பும்போது, கூட்டத்தில் நடக்கும்போது வருகிறது என்றால் கழுத்துக்கும் சமநிலைக்குமான பிசியோதெரபி தேவை. தினமும் வலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் அதுவே தலைவலிக்குக் காரணமாகலாம். அறிகுறி ஏறாத அளவுக்கு நடைப்பயிற்சியைத் தொடருங்கள்.

ஒரு எச்சரிக்கை. முதல் நாள் எடுத்த ஸ்கேன் மூன்றாவது வாரத்துக்குச் செல்லாது. தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, ஒரு பக்கம் பலம் குறைந்தாலோ, பகலிலும் தூங்கி வழிந்தாலோ மெதுவான ரத்தக் கசிவா என்று மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டாலும் ஒரு மாதம் தாண்டினால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். சுற்றல் முழுதாக நிற்கும்வரை பைக்கைத் தொடாதீர்கள், குறிப்பாக எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே.