திருடனை ஏன் பீரோவில் பூட்டினீர்கள்?

கேள்வி: என் கணவர் காவல்துறையில் ஏட்டாக இருக்கிறார். எங்களுக்கு ஏழு வயதில் ஒரு பையன், இரண்டு வயதில் ஒரு பெண். பெங்களூரில் வேலை செய்யும் என் கொழுந்தனார் தீபாவளிக்கு வந்தபோது பையனுக்கு லெகோவில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் செட் வாங்கி வந்தார். லாக்கப், ஜீப், நாய், சில போலீஸ்காரர்கள், இரண்டு திருடர்கள் எல்லாம் அதில் உண்டு. அன்று முதல் இவன் எப்போது விளையாடினாலும் திருடன்தான். கொள்ளையடிப்பான், மாட்டுவான், லாக்கப் சுவரை உடைத்துக்கொண்டு ஓடுவான், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். போன வாரம் போலீஸ் தொப்பியைக் கழற்றித் திருடன் தலையில் மாட்டிவிட்டான். டியூட்டி முடிந்து வந்த அவன் அப்பா அதைப் பார்த்துக் கத்திவிட்டார். “போலீஸ்காரன் வூட்டுப் புள்ளைக்கு இன்னா புத்தி இது?” என்று மாமியாரும் சேர்ந்துகொண்டார். நான் திருடன் பொம்மைகளை மட்டும் எடுத்து பீரோவில் பூட்டிவிட்டேன். இப்போது அவன் அந்தப் பெட்டியையே தொடுவதில்லை. நான் செய்தது சரியா? அவனுக்குப் பிறந்தநாள் வருகிறது. இதே மாதிரி செட் பஜாரில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?
— ஓர் அம்மா, காட்பாடி

பதில்: முதலில் அந்த இரண்டு பேரையும் ஜாமீனில் விடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

அவன் பெட்டியைத் தொடாததில் ஆச்சரியமே இல்லை. திருடன் இல்லாத ஸ்டேஷனில் யாருக்கு என்ன வேலை? ஜீப் நின்ற இடத்தில் நிற்கும், நாய் படுத்திருக்கும், ஏட்டையா டீ குடிக்கலாம். எந்தப் பக்கமாக உள்ளே நுழைவது, காவலுக்கு இருப்பவரை எப்படித் திசைதிருப்புவது, மூட்டையை எங்கே ஒளிப்பது, மாட்டிக்கொண்டால் எந்தச் சுவர் வழியாக வெளியே வருவது என்று அத்தனை யோசனையும் திருடன் தலையில்தான் இருக்கிறது. போலீஸுக்கு அதற்குப் பிறகுதான் வேலை. ஏழு வயதுப் பிள்ளைக்குத் திட்டம் போடுகிற ஆள்தான் ருசி. உங்கள் பையன் கெட்டவனைத் தேர்ந்தெடுக்கவில்லை, கதையை நடத்துகிறவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

தயாரிப்பவர்களுக்கும் இது தெரியும். இந்த வகை செட்டுகள் பலவற்றில் லாக்கப் சுவரே ஒரு தட்டுத் தட்டினால் கழன்று விழும்படி அமைத்திருப்பார்கள். தப்பிப்பது உங்கள் பையன் கண்டுபிடித்த குற்றமில்லை, விளையாட்டிலேயே வைத்துக் கொடுத்தது. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: அந்த லெகோ நகரத்துப் போலீஸ்காரர்களிடம் துப்பாக்கி கிடையாது. விலங்கும் வாக்கிடாக்கியும்தான். அதனால் கதை சுடுவதில் முடியாது, துரத்துவதில்தான் ஓடும். மற்ற பல பொம்மைகளைப் பார்த்த எனக்கு இதில் பெரிய நிம்மதி.

உங்கள் மாமியாரிடம் ஒன்று கேளுங்கள். சின்ன வயதில் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு அவர்கள் ஆடவில்லையா? ராஜாவுக்கு ஆயிரம், திருடனுக்கு முட்டை. திருடன் சீட்டு வந்தவர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், போலீஸ் சீட்டு வந்தவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகக் கைகாட்டினால் போலீஸின் மதிப்பெண் திருடனுக்குப் போய்விடும். அந்தச் சீட்டு வந்தவர்கள் எல்லாரும் தொரப்பாடி ஜெயிலுக்கா போனார்கள்?

தொப்பி விஷயத்துக்கு வருகிறேன். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சின்ன ஊரில் 1932-இல் ஒரு தச்சர் ஆரம்பித்த கம்பெனிதான் லெகோ. கை, கால் அசைகிற இந்தக் குட்டி ஆட்கள் 1978-இல் வந்தார்கள். அந்த முதல் வருடத்திலேயே போலீஸ்காரர் வந்துவிட்டார். 1989-இல் கடற்கொள்ளையர் செட் வரும்வரை எல்லாருக்கும் ஒரே முகம்தான்: இரண்டு புள்ளிக் கண், ஒரு சிரிப்பு. யார் யாரென்று சட்டையையும் தொப்பியையும் வைத்துத்தான் சொல்ல வேண்டும். தாடியும் முறைப்பும் பிற்பாடு வந்தவை. தலை, தொப்பி, உடம்பு, கால் எதையும் கழற்றி எதிலும் மாட்டலாம் என்பதுதான் அந்தப் பொம்மையின் உயிர். மாட்டிப் பார்க்காத பிள்ளைதான் அபூர்வம்.

உங்கள் வீட்டுக்காரர் மீதும் எனக்கு வருத்தமில்லை. அந்தத் தொப்பி அவருக்கு வெறும் பிளாஸ்டிக் இல்லை. வெயிலிலும் திட்டிலும் வருடக்கணக்காக நின்று சம்பாதித்தது. நாள் முழுக்க யார் யாரிடமோ பேச்சு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் திருடன் தலையில் தொப்பி. யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் அவரே யோசித்துப் பார்க்கட்டும். திருடனைப் பிடிக்க இவர்கள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மஃப்டியில் போவதில்லையா? பையன் அதையே திருப்பிப் போட்டிருக்கிறான்: போலீஸை ஏமாற்றத் திருடன் மாறுவேஷம் போடுகிறான். அது அவமரியாதை இல்லை. அப்பாவின் தொழிலை நன்றாகக் கவனிக்கிற பிள்ளையின் மூளை.

இன்னொரு ஊகம் எனக்கு. தப்பாகவும் இருக்கலாம், நீங்கள்தான் பக்கத்தில் இருந்து பார்க்கிறவர். கார்த்திகை தீபம் என்றால் திருவண்ணாமலை பந்தோபஸ்து, தேர்தல் என்றால் எங்கே போடுவார்களோ தெரியாது, நடுவில் இரவு ரோந்து. போலீஸ் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பா என்றால் பாதி நேரம் ஆணியில் தொங்குகிற காக்கிச் சட்டைதான். ஊருக்குள் திருடன் வந்தால் அப்பா ஓடிப் போகிறார் என்பது அவனுக்குத் தெரியும். அப்படியானால் திருடனாக இருந்தால் அப்பா தன்னைத் தேடி வருவார் அல்லவா? அடுத்த வார ஓய்வில் அவரை அரை மணி நேரம் பாயில் உட்காரச் சொல்லுங்கள். புத்திமதி சொல்ல வேண்டாம். “இன்னைக்கு நான் திருடன், நீ பிடி” என்று மட்டும் சொல்லட்டும். நிஜத் திருடர்களைப் பார்த்த ஆள், நாலு நல்ல தந்திரம் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பையன் தானாகவே ஜீப்பில் ஏறுவான்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்றால், அவன் யாராக ஆடுகிறான் என்பதில் இல்லை, எப்படி ஆடுகிறான் என்பதில்தான். தங்கையைக் கட்டிப்போட்டு அவள் அழுதும் விடாமல் இருந்தாலோ, பள்ளியில் அடுத்த பிள்ளைகளின் பொருள் உண்மையாகவே அவன் பையில் வர ஆரம்பித்தாலோ, சிரிப்பே இல்லாமல் ஒரே வலியைத் திரும்பத் திரும்ப ஆடினாலோ உட்காரவைத்துப் பேசுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

உங்களை நான் கேட்க வேண்டியது வேறொன்று. “சாப்பிடலைன்னா போலீஸ்கிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்” என்று வீட்டில் யாராவது சொல்கிறீர்களா? தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் பூச்சாண்டிக்கு அடுத்த இடம் போலீஸுக்குத்தான். உங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், அப்பாவிடம் பிடித்துக் கொடுப்பது. அது வேண்டாம். காட்பாடி ஜங்ஷன் கூட்டத்தில் கை நழுவிப் போனால் காக்கிச் சட்டையைத் தேடி ஓட வேண்டிய பிள்ளை, அதைக் கண்டு எதிர்ப்பக்கம் ஓடக் கூடாது. திருடன் பொம்மையால் வராத கெடுதல் இந்த ஒரு வாக்கியத்தால் வரும்.

அடுத்து ஜெயில். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, வேலூர்க்காரர்களுக்கு இதில் சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது. நம் கோட்டையே பாதி நாள் சிறையாகத்தான் இருந்தது. திப்பு சுல்தானின் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்தது அங்கேதான், 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்ததும் அங்கேதான். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இந்த ஊரில் கைதியாக இருந்து 1832-இல் இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருப்பது அவன் நினைவாகத்தான். வேலூர் மத்தியச் சிறையில் 1921 டிசம்பரில் அடைக்கப்பட்டவர்களில் ராஜாஜி ஒருவர். காமராஜர் 1941-இல் இதே சிறையில் இருந்தபோதுதான் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உள்ளே இருக்கிறவன் எல்லாம் கெட்டவன் என்று இந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தருவது கஷ்டம்.

சரி, அவர்கள் தியாகிகள், திருடர்கள் இல்லையே என்பீர்கள். நியாயம்தான். இன்றைக்கு உள்ளே இருப்பவர்களுக்கே வருவோம். வேலூர் சிறையில் கைதிகள் ஷூ தைக்கிறார்கள், அது காவல்துறைக்கும் போகிறது. உங்கள் வீட்டு வாசலில் கிடக்கிற பூட்ஸே அங்கே தைத்ததாக இருக்கலாம். இதைப் பையனிடம் அவன் அப்பா சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அந்த செட்டில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் இதைச் சேர்ந்ததுதான். லாக்கப்புக்குள் போகக் கதவு இருக்கிறது, உடைத்துக்கொண்டு வெளியே வரச் சுவர் இருக்கிறது, தண்டனை முடிந்து நடந்து வெளியே வருவதற்கு மட்டும் யாரும் வழி வைப்பதில்லை. அந்த வழியை அவனைக் கட்டச் சொல்லுங்கள். “இவன் எப்போ ரிலீஸ்? உள்ளே என்ன வேலை கத்துக்கிட்டான்? வெளியே வந்தா யார் வேலை குடுப்பாங்க?” என்று விளையாட்டுக்கு நடுவில் கேட்டுவிட்டு, நீங்கள் வெங்காயம் உரிக்கப் போய்விடுங்கள். பதிலுக்காக நிற்காதீர்கள். இரண்டு நாளில் லாக்கப் பக்கத்தில் ஒரு ஷூ பட்டறை முளைக்கலாம். முளைக்காவிட்டாலும் மோசமில்லை.

பஜார் செட் விவகாரம். அசல் விலையைப் பார்த்தால் ஒரு ஏட்டையா சம்பளத்துக்கு மலைப்பாகத்தான் இருக்கும். மற்ற கம்பெனிகள் அதே அளவில் கட்டை செய்வதே தப்பு என்று நினைக்க வேண்டாம். அந்தக் கட்டைக்கு 1958 ஜனவரியில் காப்புரிமை கேட்டார்கள், அது காலாவதியாகிப் பல வருடம் ஆகிறது. மேலே இருக்கும் குமிழுக்குக் குமிழ் எட்டு மில்லிமீட்டர் என்ற அதே கணக்கில் யாரும் செய்யலாம். அசலின் பெயரையும் பெட்டிப் படத்தையும் திருடி ஒட்டியிருந்தால் அது வேறு கதை. போலீஸ் செட்டிலேயே அந்தத் திருட்டு நடப்பதுதான் வேடிக்கை. மலிவில் வரும் வித்தியாசம் கையில் தெரியும்: ஒன்று மாட்டினால் கழலாது, அல்லது மாட்டவே மாட்டாது. சுவர் தானாக விழுந்தால் திருடனுக்கே சுவாரசியம் போய்விடும்.

ஆனால் நான் பார்க்கச் சொல்வது முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கிற பொம்மைகளுக்கு அது கட்டாயம். சாதாரணப் பொம்மை என்றால் ஐ.எஸ். 9873, சைரனும் விளக்கும் பேட்டரியில் ஓடுகிற வகை என்றால் ஐ.எஸ். 15644 என்ற எண் இருக்க வேண்டும், கூடவே உரிம எண்ணும். பெட்டியில் இவை இல்லையென்றால் எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மணம் அடிக்கிற பிளாஸ்டிக்கைச் சின்னவள் வாயில் வைப்பாள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தநாளுக்கு இன்னொரு போலீஸ் ஸ்டேஷன் வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரு ஊருக்கு ஒரு ஸ்டேஷன் போதும், அவனிடம் இல்லாதது ஊர்தான். எந்தக் கதையும் அச்சடிக்காத, வெறும் கட்டைகள் மட்டும் கொட்டிக் கிடக்கிற பெட்டி கிடைக்கும், அதை வாங்குங்கள். வங்கி, பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, வேண்டுமானால் அகழியோடு கோட்டை என்று அவனே கட்டட்டும். சின்னவளுக்குத் தனியாகப் பெரிய கட்டைகள் வேண்டும். லெகோவிலேயே 1969 முதல் டுப்லோ என்று இரண்டு மடங்கு அளவில் வருகிறது. விலை அதிகம் என்றால், நம் ராணிப்பேட்டையிலேயே தொழிற்சாலை வைத்திருக்கும் ஃபன்ஸ்கூல் மாதிரி கம்பெனிகளின் சின்னப் பிள்ளைகளுக்கான பொம்மைகளைப் பாருங்கள். அண்ணனின் பெட்டி மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆகாது. அந்த விலங்கும் வாக்கிடாக்கியும் தொண்டைக்குள் போகிற அளவு. சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் என்பதற்காக அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அவன் விளையாடுவது ஒரு பழைய வேட்டியை விரித்து அதன் மேல்தான் என்று வழக்கம் பண்ணுங்கள். அவள் தூங்கி எழும் சத்தம் கேட்டதும் நாலு முனையையும் சேர்த்து முடிந்து, போலீஸ், திருடன், ஜீப் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிடலாம்.