வெயிலுக்கு ஃபிலிம் சரி, சத்தத்துக்கு?

கேள்வி: சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்டில் ஒன்பதாம் மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. படுக்கையறைச் சன்னல் மேற்கு பார்த்தது, கீழே விரைவுச்சாலை. கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டினால் 99 விழுக்காடு வெப்பமும் பாதிச் சத்தமும் போய்விடும் என்று சொல்லி 1,200 வெள்ளி கேட்கிறார்கள். ஒட்டலாமா?

பதில்: வெயிலுக்கு என்றால் ஒட்டலாம், அந்த 99ஐ மட்டும் நம்பாதீர்கள். சத்தத்துக்கு என்றால் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

ஒளி அலையின் நீளம் மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியைவிட மெல்லிய பூச்சுகூட அதைத் திருப்பிவிடும். லாரியின் உறுமல் 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 அதிர்வு, பக்கம் இருக்கும்; அந்த அலை 3.4 மீட்டர் நீளம். அதை மறிப்பது எடைதான். 6 மிமீ கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ. வழக்கமான ஃபிலிம் அதில் 100 கிராம்கூடச் சேர்ப்பதில்லை. எடை இரண்டு மடங்கானால்தான் சத்தம் சுமார் 6 டெசிபெல் (சத்தத்தின் அலகு) குறையும்.

கடையில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். உள்ளே சிவப்பு விளக்கு, முன்னால் இரண்டு கண்ணாடித் துண்டு. வெறும் கண்ணாடிக்கு முன் கை சுடும், ஃபிலிம் ஒட்டியதற்கு முன் சுடாது. பார்த்தவுடன் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அந்த விளக்கிலிருந்து வருவது பெரும்பாலும் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத கதிர். வெயிலின் ஆற்றலிலோ பாதிதான் அகச்சிவப்பு. 40 விழுக்காட்டுக்கு மேல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். அந்த வெளிச்சமும் தரையில், மெத்தையில் பட்டு வெப்பமாகத்தான் மாறும். ஆகவே, ‘கண்ணாடிபோல் தெளிவு, 99 விழுக்காடு வெப்பத் தடுப்பு’ என்பது நடக்காத காரியம். அந்த 99, அகச்சிவப்பில் ஒரு குறுகிய பட்டைக்கு அளந்த எண். நீங்கள் கேட்க வேண்டியது மொத்தச் சூரிய ஆற்றல் தடுப்பு, அதாவது டிஎஸ்இஆர். நல்ல வெளிச்சம் விடும் ஃபிலிமில் அது 60 விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. அதைத் தாளில் எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள். ஏர்கானுக்கு மின்சிக்கனத்தைக் காட்டும் டிக் முத்திரை கட்டாயம். வெப்பத்தை உள்ளே விடும் கண்ணாடிக்கு ஒட்டும் பொருளுக்கு அப்படிக் கட்டாய முத்திரை எதுவும் இல்லை. இது சரியே இல்லை.

ஒரு விதிவிலக்கு. உங்கள் கண்ணாடி கம்பி பதித்ததோ, நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்த லேமினேட்டட் கண்ணாடியோ என்றால், கறுப்பு ஃபிலிம் வேண்டாம். கறுப்பு ஃபிலிம் வெயிலைத் திருப்புவதில்லை, குடிக்கிறது. கண்ணாடியின் நடுப்பகுதி சூடேறி விரியும். அலுமினியச் சட்டத்துக்குள் இருக்கும் ஓரம் குளிர்ந்தே இருக்கும். அந்த இழுபறியில் ஓரத்திலிருந்து விரிசல் ஓடும். மேல்மாடி நிழல் பாதிக் கண்ணாடியில் விழுந்தால் இன்னும் மோசம். ஒட்டுவதற்கு முன்பே கண்ணாடி வகையைக் கேட்டு, ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

இனி சத்தம். சன்னலைச் சாத்தி, ஓரமாக ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே இடுக்கு. பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, எத்தனை தடித்த கண்ணாடி போட்டாலும் 20 டெசிபெலுக்கு மேல் குறையாது. இறுகிப்போன ரப்பர் கேஸ்கெட்டை முதலில் மாற்றுங்கள். சுவரில் நுரைப் பலகை ஒட்டச் சொல்வார்கள். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளிச்சத்தத்தை நிறுத்தாது.

அதற்கும் போதவில்லை என்றால் 10.76 மிமீ லேமினேட்டட் கண்ணாடி. சதுர மீட்டருக்கு 25 கிலோவுக்கு மேல் வரும். பழைய சட்டமும் கீலும் தாங்குமா என்று, கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற சன்னல் குத்தகையாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்பதாம் மாடியிலிருந்து சன்னல் கழன்று விழக்கூடாது. மாற்றும் எண்ணம் இருந்தால் ஃபிலிமை அதுவரை தள்ளிப்போடுங்கள். இப்போது ஒட்டினால் பழைய கண்ணாடியோடு அதுவும் குப்பைக்குத்தான் போகும்.