ரத்தத்தை இளக்கும் மாத்திரையும் திடீர் முதுகுவலியும்: டாக்டரம்மா பதில்கள்

(சேலத்தில் பல வருடம் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

அம்மாப்பேட்டையிலிருந்து: அப்பாவுக்கு இதயத்தில் உலோக வால்வு வைத்து ஆறு வருடமாகிறது. தினமும் அசிட்ரோம் என்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இந்த மாத்திரையால் தண்டுவடத்தில் ரத்தம் கசியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து மாத்திரை வேண்டாம் என்கிறார்.

சொன்னவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருக்கிறது. கசிவு வருவது உண்மைதான் தம்பி, ஆனால் மிக அபூர்வம். நான் பார்த்தது இரண்டே பேர். மாத்திரையை விட்டால் வால்வில் ரத்தம் கட்டிப் பக்கவாதம் வருமே, அதை நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை மட்டும் தவற விடாதீர்கள். மைட்ரல் (இதயத்தின் இடப் பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) உலோக வால்வு என்றால் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து: எஸ்டேட் வேலையில் முதுகுவலி இல்லாத ஆள் யார் டாக்டரம்மா? எந்த வலிக்குப் பயப்பட வேண்டும்?

நல்ல கேள்வி. நான் சொன்ன இருவரில் ஒருவர் உங்கள் ஊர்க்காரர்தான். மூட்டை தூக்கவில்லை, விழவில்லை. சாயங்காலம் செருப்பு மாட்டக் குனிந்தவருக்கு இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் சுரீரென்று ஒரு வலி. அது நெஞ்சைச் சுற்றிப் பட்டை கட்டியது மாதிரி இறுக்கியிருக்கிறது. வீட்டம்மா வாயு என்று நினைத்துத் தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடமும் கொடுத்திருக்கிறார். ராத்திரி பாத்ரூமுக்கு நடந்தபோது ஒரு கால் செருப்பு கழன்று வாசலிலேயே கிடந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. போய் உட்கார்ந்தால் சிறுநீரும் வரவில்லை. அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். விடியட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து சேரும்போது இரண்டு காலும் துவண்டிருந்தன. ஐ.என்.ஆர். 6-க்கு மேல். முந்தின வாரம் வயிற்றுப்போக்குக்காகக் கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டிருக்கிறார். அது வார்ஃபரின், அசிட்ரோம் வகை மருந்துகளின் வேலையை ஏற்றிவிடும்.

முதுகெலும்புக்குள் தண்டுவடம் போகும் வழி எலும்புக் குழாய். உள்ளே ரத்தம் கசிந்தால் விரிய இடமில்லை, தண்டுவடத்தைத்தான் நசுக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்து, ரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே-யும் உறைவுக் காரணிகளும் ஏற்றி, அறுவை செய்து ரத்தக் கட்டியை எடுத்தார்கள். கால் விழுந்து 12 மணி நேரத்துக்குள் செய்தால் தேறும் வாய்ப்பு அதிகம். அவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார்.

ஆக, இந்த மாத்திரை சாப்பிடுபவருக்குத் திடீரென்று கடுமையான வலி வந்து, கூடவே கால் மரத்தாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். ஊசி, தைலம் எதுவும் வேண்டாம்.

ஆத்தூரிலிருந்து: இந்த மாத்திரை சாப்பிடுபவர் சாதாரண மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போடலாமா?

கூடாது. இடுப்பில் ஊசியாகவும் வேண்டாம், தசைக்குள் ரத்தம் கட்டும். பாராசிட்டமால் போதும், அதையும் நாள் கணக்கில் தொடர்ந்து போடாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: இது எலி மருந்து என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக வந்தது, 1954-இல் மனிதர்களுக்கு வந்தது. எல்லாம் அளவில் இருக்கிறது. இன்னொன்று, ரத்தம் ஒன்றும் தண்ணியாகிவிடாது, உறைய நேரமாகும், அவ்வளவுதான்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: அம்மாவுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை என்று ரிவரோக்சபான் கொடுக்கிறார்கள். அடுத்த மாதம் முழங்கால் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டுத்தான் மரக்க வைப்பார்களாம்.

இதுவும் ரத்தத்தை இளக்கும் மாத்திரைதான். புது வகை என்பதால் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை. அதனாலேயே வீட்டில் யாரும் அதை ரத்த மாத்திரை என்று கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் மாத்திரை உடம்பில் வேலை செய்யும்போது முதுகில் ஊசி போனால் உள்ளே கசியலாம். எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை இதய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். நீங்களாக ஒரு வேளையும் விட வேண்டாம். காலி மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய் மயக்க மருந்து டாக்டரிடம் நேரில் காட்டுங்கள், சீட்டில் எழுதியிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்.