தமிழின் ‘ஆக’வும் ஆங்கிலத்தின் ‘லி’யும்

கேள்வி: மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்கு வீட்டிலிருந்தே படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ்வழி. ஒரு மாதிரித் தேர்வில் ‘தி சூப் டேஸ்ட்ஸ் டெலிஷியஸ்லி’ என்ற வாக்கியம் பிழை என்று விடைக்குறிப்பில் இருந்தது. வினையை விளக்க அட்வெர்ப், அதாவது வினையடைதானே வரவேண்டும் டீச்சர்? ‘டேஸ்ட்ஸ்’ வினைதானே?
- ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: நீங்கள் படித்த விதி தவறில்லையம்மா, அது பாதி விதி. மீதிப் பாதியை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. பி.ஏ. முதலாண்டில் ‘தி ஜாஸ்மின் ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி’ என்று எழுதினேன். விரிவுரையாளர் கடைசி ‘லி’யை மட்டும் சிவப்பு மையால் அடித்துத் தாளைத் திருப்பித் தந்தார். காரணம் கேட்க எனக்கும் துணிவு வரவில்லை. நான் ஆசிரியையாகி, அதே பாடத்தை நடத்த நின்றபோதுதான் காரணம் புரிந்தது. அது நம் தமிழுக்குள்ளேயே இருக்கிறது.

‘அழகான கோலம்’ என்கிறோம். ‘அழகாகக் கோலம் போட்டாள்’ என்கிறோம். ‘ஆன’ வந்தால் பெயரடை, ‘ஆக’ வந்தால் வினையடை. ஆங்கிலத்தில் முதலாவது ‘பியூட்டிஃபுல்’, இரண்டாவது ‘பியூட்டிஃபுல்லி’. இதுவரை இரண்டு மொழியும் கைகோத்து நடக்கின்றன. இப்போது ‘கோலம் அழகாக இருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள். இங்கேயும் ‘ஆக’தான். ஆனால் யாரும் எதையும் எப்படிச் செய்தார்கள் என்று இந்த வாக்கியம் சொல்லவில்லை. கோலத்தின் தன்மையைத்தான் சொல்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் ‘இஸ் பியூட்டிஃபுல்’.

‘இஸ்’ வரும் இடத்தில் நம் பிள்ளைகள் தவறுவதே இல்லை. ‘லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், சவுண்ட், சீம்’ வரும் இடத்தில்தான், மனத்துக்குள் ‘ருசியாக’ என்று கேட்டதும் கை தானாக ‘லி’ சேர்த்துவிடுகிறது. இந்த வினைகள் பல நேரம் ‘இஸ்’ செய்யும் வேலையைத்தான் செய்கின்றன. லிங்கிங் வெர்ப் என்று சொல்வது இவற்றைத்தான். ‘டர்ன், குரோ, ரிமெயின்’ ஆகியவையும் இப்படி வரும்: ‘தி மில்க் டர்ன்ட் சவர்’, ‘ஹி ரிமெயின்ட் சைலன்ட்’.

ஆனால் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கேள்வி தயாரிப்பவர்களுக்கும் அந்தப் பட்டியல் தெரியும். ‘மதர் டேஸ்டட் தி ரசம் கேர்ஃபுல்லி’ என்பது சரியான வாக்கியம். அம்மா ருசி பார்க்கிறாள், அது செயல். கவனமாகப் பார்க்கிறாள், அது செயலின் விதம். ‘தி ரசம் டேஸ்ட்ஸ் குட்’ என்பதில் ரசம் எதையும் ருசி பார்க்கவில்லை. அதேபோல ‘ஷி லுக்ட் ஆங்ரி’ என்றால் முகத்தில் கோபம் தெரிந்தது. ‘ஷி லுக்ட் ஆங்ரிலி அட் தி பாய்’ என்றால் பையனைக் கோபமாகப் பார்த்தாள்.

சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ போட்டுப் பாருங்கள். ‘தி சூப் இஸ் டெலிஷியஸ்’ - பொருள் நிற்கிறது, எனவே பெயரடை. ‘மதர் வாஸ் தி ரசம்’ - நிற்கவில்லை, எனவே வினையடை. சி.ஜி.எல். முதல் கட்டத்தின் 100 கேள்விகளில் 25 ஆங்கிலம். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறுக்கு 0.50 போய்விடும். ஊகித்துக் குறிப்பதைவிட இந்தச் சோதனைக்கு ஐந்து விநாடி செலவிடலாம்.

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கும் என் மகன் ‘ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்லி’, ‘ஹி வொர்க்ஸ் ஹார்ட்லி’ என்று எழுதுகிறான். இரண்டும் தவறா?
- ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: இரண்டும் தவறுதான் ஐயா, ஆனால் ஒரே மாதிரித் தவறு அல்ல. ‘ஃபாஸ்ட்லி’ என்று எழுதும் வழக்கம் இன்றைய ஆங்கிலத்தில் இல்லை. பெயரடைக்கும் வினையடைக்கும் ‘ஃபாஸ்ட்’ ஒன்றேதான். ‘ஹார்ட்லி’ என்ற சொல் இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்து. அதற்குப் பொருள் ‘கடினமாக’ அல்ல, ‘ஏறக்குறைய இல்லை’ என்பது. ‘ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்றால் அவர் ஏறக்குறைய வேலையே பார்ப்பதில்லை என்றாகிவிடும். உழைப்பாளியை அப்படிச் சொல்லலாமா? ‘ஹி வொர்க்ஸ் ஹார்ட்’ என்பதே சரி. ‘லேட்’ தாமதம், ‘லேட்லி’ அண்மைக்காலமாக. இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

தம்பியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ‘ஹார்ட்லி’ தானே எதிர்மறை என்பதால் அதனுடன் ‘நாட்’ சேராது. ‘ஹார்ட்லி ஹேட்’ என்று வாக்கியம் தொடங்கினால் அதற்குத் துணை ‘வென்’: ‘ஹார்ட்லி ஹேட் ஹி ரீச்ட் தி ஸ்டேஷன் வென் தி டிரெய்ன் லெஃப்ட்’. இங்கே ஒப்பிடும்போது வரும் ‘தேன்’ என்ற சொல்லைப் போட்டு ஏமாற்றுவார்கள். அது ‘நோ சூனர்’க்குத் துணை.

கேள்வி: ‘வெரி பெட்டர்’ என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஏன்?
- ஒரு கல்லூரி மாணவர், தேனி

பதில்: சிரிக்க ஒன்றுமில்லை. ‘ரொம்ப நல்லது’, ‘அதைவிட ரொம்ப நல்லது’ என்று தமிழில் ‘ரொம்ப’ இரண்டு இடத்துக்கும் பொருந்தும். ‘நல்லது’ என்ற சொல்லும் ஒப்பிடும்போது மாறுவதில்லை. ஆங்கிலத்தில் ‘குட்’ ஒப்பீட்டில் ‘பெட்டர்’ ஆகிறது, அதன் முன் வரும் சொல்லும் மாறுகிறது: ‘வெரி குட்’, ஆனால் ‘மச் பெட்டர்’. ‘மோர் பெட்டர்’ என்பதும் கூடாது. ‘பெட்டர்’ என்பதற்குள்ளேயே ‘மோர்’ அடங்கியிருக்கிறது.