குளிர்ல வெறுங்கால் ஓட்டம்: எதை வாங்குறது, எதை விடுறது?

கேள்வி: அக்கா வணக்கம். நான் கனடால மிசிசாகால இருக்கேன், சொந்த ஊரு கோயம்புத்தூர். சென்னைல வேலை பார்த்தப்போ நாலு வருஷம் வெறுங்கால்லயே ஓடிப் பழகிட்டேன், இப்ப ஷூ போட்டா முட்டி வலி வந்துடுது. மார்ச் கடைசில ஹாமில்டன்ல நடக்கிற அரவுண்ட் த பேங்கிற 30 கிலோமீட்டர் ரேஸுக்குப் பேர் குடுத்திருக்கேன். போன வாரம் 2 டிகிரில ஓடிப் பார்த்தேன், மூணாவது கிலோமீட்டர்ல விரல் இருக்கா இல்லையான்னே தெரியல. கார்ட்ல நாலு ஐட்டம் போட்டு வச்சிருக்கேன், நியோப்ரீன் சாக்ஸ், வாட்டர்ப்ரூஃப் சாக்ஸ், விரல் விரலா இருக்கிற ஷூ, அப்புறம் கால் விரலைச் சூடாக்க ஒட்டிக்கிற டோ வார்மர். இதுல எது அக்கா வாங்கலாம்?

பதில்: தம்பி, நாலையும் கார்ட்ல இருந்து எடுத்துடுங்க. ஏன்னு ஒண்ணொண்ணா சொல்றேன்.

நியோப்ரீன்ங்கிறது ஒரு வகை ரப்பர், அந்த சாக்ஸ் தண்ணிக்குள்ள இறங்குறவங்களுக்குச் செஞ்சது, 30 கிலோமீட்டர் ஓடும்போது கால் வேர்க்கிற வேர்வை வெளிய போக வழியே இருக்காது, உள்ள ஊறிப்போய் தோல் வெளுத்து உரியும். வாட்டர்ப்ரூஃப் சாக்ஸ் நானே வாங்கி ஏமாந்திருக்கேன், துணி வழியா தண்ணி வராதுதான், ஆனா ஒரு குட்டைல மிதிச்சதும் மேல் வாய் வழியா உள்ள போயிடுச்சு, போன தண்ணி வெளிய வரவும் முடியல, கடைசி ஏழு கிலோமீட்டர் ரெண்டு கால்லயும் தண்ணிப் பையைக் கட்டிக்கிட்டு ஓடுன மாதிரி ஓடினேன். டோ வார்மர்ல இருக்கிறது இரும்புத் தூள், அது காத்தோட சேர்ந்து துருப்பிடிக்கும்போதுதான் சூடு வருது, ஈரமாயிட்டா வேலை செய்யாது, அதைவிட மோசம் என்னன்னா மரத்துப் போன விரல்ல அது சுட்டாக்கூட உங்களுக்குத் தெரியாது.

விரல் ஷூ பத்தி கொஞ்சம் விளக்கமா சொல்லணும். கையுறைல அஞ்சு விரலும் தனித்தனியா இருக்கிறதைவிட எல்லா விரலும் ஒண்ணா இருக்கிற உறைதான் கதகதப்பா இருக்கும்னு கனடா வந்த முதல் வருஷமே எல்லாருக்கும் தெரிஞ்சிடும், கால் விரலுக்கும் அதே கதைதான். போதாததுக்கு அது இறுக்கமா வேற இருக்கும், வர்ற ரத்தத்தையும் தடுக்கும். விளம்பரத்தை நம்பி வாங்குறதுன்னா இதையும் தெரிஞ்சுக்கோங்க: விப்ரம் ஃபைவ்ஃபிங்கர்ஸ்ங்கிற விரல் ஷூ போட்டா கால் தசை வலுவாகும், காயம் குறையும்னு ஆதாரம் இல்லாம சொன்னாங்கன்னு அமெரிக்கால 2012ல வழக்குப் போட்டாங்க, கம்பெனி தப்பை ஒத்துக்காமலேயே 2014ல 37.5 லட்சம் டாலருக்கு செட்டில் பண்ணுச்சு, ஒரு ஜோடிக்கு 94 டாலர் வரைக்கும் கிடைக்கலாம்னு பேச்சு, கடைசில கைக்கு வந்தது எட்டு டாலர் சொச்சம்தான்.

சரி, எதை வாங்கணும்? முதல்ல கணுக்காலைப் பாருங்க. உடம்புக்குக் குளிருச்சுன்னா நெஞ்சையும் வயித்தையும் காப்பாத்த கை கால் விரலுக்குப் போற ரத்தத்தை உடம்பே குறைச்சிடும், அதனால தொப்பி, கையுறை, காத்து தடுக்கிற மேல் சட்டை இதெல்லாம் சரியா இருந்தாலே கால் பாதி சரியாயிடும். கணுக்கால்ல ரத்தக் குழாய் தோலுக்கு ரொம்பப் பக்கத்துல ஓடுது, அங்க குளிர் அடிச்சா பாதத்துக்குப் போய்ச் சேர்ற ரத்தமே ஆறிப்போய்தான் சேரும். வீட்டுல குதிகால் ஓட்டையான கம்பளி சாக்ஸ் இருந்தா தூக்கிப் போடாதீங்க, பாதத்தை வெட்டி எடுத்துட்டு மேல இருக்கிற குழாய் மாதிரி பகுதியை மட்டும் கணுக்கால்ல இருந்து கெண்டைக்கால் வரைக்கும் இழுத்து விட்டுக்கோங்க, கீழ் விளிம்பு குதிகால் எலும்பைத் தொடணும். பாதம் தரையைத் தொட்டுட்டேதான் இருக்கும், நீங்க விரும்புற அந்த உணர்வு எங்கயும் போகாது. செலவு ஒரு பைசா இல்ல, எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு பலன் தர்ற வேற எதுவும் கிடையாது.

காசு போடறதா இருந்தா ரெண்டு பொருளுக்குப் போடுங்க. ஒண்ணு மெல்லிசான மெரினோ கம்பளி சாக்ஸ், அதுலயும் கட்டை விரல் மட்டும் தனியா பிரிஞ்சு மத்த நாலும் ஒண்ணா இருக்கிற ஜப்பான் ஸ்டைல், தாபின்னு சொல்வாங்க. ரெண்டாவது 5, 6 மில்லிமீட்டர் கனத்துல கயிறு கட்டுற சாண்டல், கயிறு கட்டை விரல் இடுக்குல போறதுக்குத்தான் தாபி. காட்டன் சாக்ஸ் வேண்டவே வேண்டாம், நனைஞ்சா ஈரத்தை அப்படியே பிடிச்சு வச்சுக்கும், கம்பளி தன் எடைல 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை உறிஞ்சியும் சில்லுன்னு காட்டாது. இந்த ரெண்டையும் இடுப்பு பெல்ட்டுல சொருகிக்கிட்டு வெறுங்கால்லயே ஆரம்பிங்க. ரோடு காஞ்சிருந்தா என் அனுபவத்துல 4, 5 டிகிரி வரைக்கும் பழகின கால் தாங்கும், அதுக்குக் கீழ, இல்லன்னா ஈரமா இருந்தா, ஆரம்பத்துலயே மாட்டிடுங்க. அப்புறம் மாட்டிக்கலாம்னு தள்ளிப் போட்டா கை விரலும் விறைச்சிடும், முடிச்சுப் போட வராது.

ஈரம்னு சொன்னதும் உப்பு ஞாபகம் வருது, நம்ம ஊர்ல இருந்து வந்தவங்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது. ரோட்டுல தூவுற உப்பு கரைஞ்ச தண்ணி ஜீரோவுக்குக் கீழ போனாலும் உறையாது, பார்க்க சாதாரண மழை ஈரம் மாதிரி கருப்பா பளபளன்னு கிடக்கும், காலை வச்சா அது மைனஸ் 5ல இருக்கலாம். தண்ணி காத்தைவிட 25 மடங்கு வேகமா சூட்டை உறிஞ்சும்னா பாத்துக்கோங்க. ரோட்டோரத்துல வெள்ளை வெள்ளையா காஞ்ச கறை இருந்தா அங்க உப்பு இருக்குன்னு அர்த்தம், நடு ரோட்டுக்கு வந்துடுங்க.

ரேஸ் அன்னிக்கு ஸ்டார்ட் லைன்ல நிக்கிற அரை மணி நேரம்தான் காலைக் கெடுக்கும். ஒரு அட்டைப் பெட்டியைப் பிரிச்சு எடுத்துட்டுப் போய் அது மேல நில்லுங்க, பழைய தடி சாக்ஸ் ரெண்டு ஜோடி மாட்டிக்கிட்டு கடைசி நிமிஷத்துல கழட்டிடுங்க. வெறுங்கால்ல ஓட உலகத் தடகள அமைப்பான வேர்ல்ட் அத்லெட்டிக்ஸ் விதில தடை கிடையாது, ஓடுற நேரத்தைப் பதியுற டைமிங் சிப் நம்பர் அட்டைல இருக்கா இல்ல ஷூல கட்டறதான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க.

முதல் பத்து பதினஞ்சு நிமிஷம் வலிக்கும், அப்புறம் ரத்தம் வந்து சுள்ளுனு சூடாகும், அது நல்லது. வலி நின்னு போச்சு ஆனா சூடு வரலன்னா அங்கயே நிறுத்துங்க தம்பி, மெடலை அடுத்த வருஷம் வாங்கிக்கலாம், 1894ல இருந்து நடக்கிற ரேஸ் அது. நம்ம தோல் நிறத்துக்கு சிவக்குறது வெளுக்குறது சீக்கிரம் தெரியாது, அதனால கட்டை விரல் நகத்தை அழுத்தி விடுங்க, ரெண்டு மூணு செகண்டுல நிறம் திரும்பணும். திரும்பலன்னாலோ தோல் சாம்பல் பூத்து மெழுகு மாதிரி இருந்தாலோ மெடிக்கல் டென்ட்டுக்குப் போயிடுங்க. தேய்க்கக் கூடாது, ஹீட்டர் கிட்ட நீட்டக் கூடாது. வீட்டுலன்னா வெதுவெதுப்பான தண்ணி, 37ல இருந்து 39 டிகிரி, அதைக் காலால பார்க்காதீங்க, முழங்கையால தொட்டுப் பாருங்க. சுகர் இருக்கிறவங்க, குளிர்ல விரல் வெளுத்துப் போற பிரச்சனை இருக்கிறவங்க இந்த ஓட்டத்துக்கே வர வேண்டாம்.

கேள்வி: வெளக்கெண்ணெய் தடவிட்டு ஓடு, குளிராதுன்னு அம்மா சொல்றாங்க. தைலம் தடவலாமா?

பதில்: ரெண்டும் ஓடுறதுக்கு முன்னாடி வேண்டாம்மா. எண்ணெய் தடவினா சூடா இருக்கிற மாதிரி ஒரு நெனப்புதான் வரும், குளிரைத் தடுக்காது. தைலம் எரியுற எரிச்சல்ல மரத்துப் போறது தெரியாமப் போயிடும். ஆனா அம்மா சொன்ன வெளக்கெண்ணெயை ராத்திரி படுக்கும்போது குதிகால்ல தடவுங்க, பித்தவெடிப்புல ரோட்டு உப்பு இறங்குனா உயிர் போற மாதிரி எரியும், அதுக்கு இது நல்ல மருந்து.

கேள்வி: ஆன்லைன்ல சாண்டல் வாங்கி ஒரு தடவ ரோட்டுல ஓடினேன், சைஸ் சின்னது. திருப்பி எடுக்க மாட்டேங்கிறாங்க. டொரான்டோல இருக்கேன், சட்டம் என்ன சொல்லுது?

பதில்: ஒன்டாரியோல சைஸ் சரியில்ல, பிடிக்கலங்கிற காரணத்துக்கு கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரணும்னு சட்டம் இல்ல, கடை போட்டிருக்கிற ரிட்டர்ன் பாலிசிதான் பேசும். பொருள்ல குறை இருந்தாலோ சொன்னது ஒண்ணு அனுப்பினது ஒண்ணுன்னாலோ கதை வேற. ஆன்லைன்ல 50 டாலருக்கு மேல வாங்கினது, சொன்ன தேதி தாண்டி 30 நாள் ஆகியும் வரலன்னா கேன்சல் பண்ணலாம், ஆனா லேட்டா வந்ததை வாங்கி வச்சுக்கிட்டா அந்த உரிமையும் போயிடும். அடுத்த தடவ சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்துல, ஓடும்போது போடற அதே சாக்ஸோட பேப்பர்ல நின்னு பென்சிலால சுத்தி வரைஞ்சு அளவெடுத்துட்டு ஆர்டர் போடுங்க. வந்ததும் வீட்டுக்குள்ள கார்ப்பெட்ல மட்டும் பத்து நிமிஷம் நடந்து பாருங்க, அடில ஒரு கீறல் விழாத வரைக்கும் ரிட்டர்ன் கேக்க வழி இருக்கு.